தலைவலியும் காதுத் தொந்தரவும் விடவில்லை: முதலில் யாரிடம் போவது?

தலைவலி மாதக்கணக்கில் விடவில்லை. கூடவே காதில் அடைப்பு, இரைச்சல், வலி, சில நாட்களில் தலைசுற்றல். காது மருத்துவர் பார்த்துவிட்டுக் காது நன்றாக இருக்கிறது என்கிறார். ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்கிறார்கள். வலி மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: அடுத்து யாரிடம் போவது? மறுபடி காது மூக்கு தொண்டை மருத்துவரிடமா, நரம்பியல் மருத்துவரிடமா, பல் மருத்துவரிடமா, இல்லை பெரிய ஸ்கேன் ஒன்றை எடுத்துப் பார்த்துவிடலாமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு துறையும் தன் உறுப்பைப் பார்த்து 'நார்மல்' என்று எழுதிக் கொடுக்கும். அந்த நார்மல்களை எல்லாம் ஒன்றாக வைத்துப் படிக்க ஒரு மருத்துவர் வேண்டும். அவரை முதலில் பிடியுங்கள். அதோடு, ஸ்கேனுக்கு முன்னால் மூன்று காரியங்கள் முடிந்திருக்க வேண்டும்: கேட்புத் திறன் சோதனை, கண்ணின் பின்புறத்தைப் பார்க்கும் சோதனை, நீங்களே எழுதிய ஒரு மாதக் குறிப்பு. இவை இல்லாமல் எடுக்கும் ஸ்கேன் பல நேரங்களில் தவறான கேள்விக்குச் சரியான பதிலைத் தரும்.

## தேர்வுக்கே இடமில்லாத நிலைகள்

கீழே இருப்பவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்த ஒப்பீட்டைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

- ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும், வாழ்நாளில் கண்டிராத தலைவலி.
- காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம்.
- காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கி, காதை முன்னுக்குத் தள்ளும் வீக்கம்.
- காதுவலியோடு முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது. காதில் கொப்புளங்களும் இருந்தால் அது அக்கி வைரஸின் வேலையாக இருக்கலாம்.
- 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தலைவலியோடு, மெல்லும்போது தாடை வலிப்பது, தலையைச் சீவினாலே வலிப்பது, பார்வை மங்குவது. நெற்றிப்பொட்டுத் தமனியின் அழற்சி இப்படித்தான் வரும். சிகிச்சை தாமதமானால் பார்வையே போய்விடும்.
- புதிய கழுத்துவலியும் தலைவலியும் சேர்ந்து, ஒரு கண் இமை தொங்குவது அல்லது காதில் நாடித்துடிப்பு கேட்பது. கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் நிறையப் பேர் 'காதில் அழுக்கு' என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ மூன்று நாட்களுக்குள்ளோ, கேட்காமல் போனால் அது உள்காது நரம்புக் கேட்புக் குறையாக இருக்கலாம். ஸ்டீராய்டு சிகிச்சை அதிகம் பலன் தரும் காலம் முதல் இரண்டு வாரங்கள்தான். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அடைத்த மாதிரி இருக்கிறது, சளியாக இருக்கும், போகப் போகச் சரியாகும் என்று காத்திருந்து அந்த இரண்டு வாரத்தை இழப்பது மிகவும் வருத்தமான விஷயம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

இவற்றில் எதுவும் இல்லை, ஆனால் தொந்தரவும் விடவில்லை என்றால், ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் எடை போடலாம். இந்த வழியில் எந்தெந்த நோய்கள் பிடிபடும்? எவை நழுவும்? பணமாகத் தெரியாத விலை என்ன? பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அதற்குப் பிறகு உங்களைத் தொடர்ந்து பார்ப்பவர் யார்?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

இரண்டு தொந்தரவும் ஏன் சேர்ந்து வருகின்றன என்று தெரிந்தால் ஒப்பீடு எளிதாகும். காதுக்கு உணர்வு தருவது ஒரே ஒரு நரம்பு கிடையாது. முகத்துக்கும் தாடைக்கும் பற்களுக்கும் போகும் ஐந்தாவது மூளை நரம்பு, முகத்தசையை இயக்கும் ஏழாவது, தொண்டைக்குப் போகும் ஒன்பதாவது, குரல்வளையையும் தாண்டிப் போகும் பத்தாவது, கழுத்தின் இரண்டாம் மூன்றாம் தண்டுவட நரம்புகள் என்று இத்தனையும் காதில் வந்து சேர்கின்றன. அதனால் கடைவாய்ப்பல்லில், தாடை மூட்டில், தொண்டையில், கழுத்தில் எங்கே கோளாறு இருந்தாலும் காது வலிக்கலாம். காது அப்போது முழு ஆரோக்கியமாக இருக்கும். தலைவலியும் அப்படியே: ஐந்தாவது நரம்பின் வலிப்பாதையும் கழுத்தின் மேல் மூன்று நரம்புகளின் பாதையும் தண்டுவடத்தின் மேல்முனையில் ஒரே இடத்தில் கலக்கின்றன. கழுத்தில் தொடங்கிய வலி கண்ணுக்குப் பின்னால் தெரிவது அதனால்தான்.

ஆக, 'காது நார்மல்' என்பது காதுவலி பொய் என்று ஆகாது. வேறு இடத்தில் தேட வேண்டும் என்று மட்டுமே அர்த்தம்.

| வழி | நன்றாகப் பிடிப்பது | நழுவ விடக்கூடியது | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|
| குடும்ப அல்லது பொது மருத்துவர் | மாத்திரையால் வரும் தலைவலி, ஒற்றைத் தலைவலி, தூக்கக் கோளாறு, மற்ற மருந்துகளின் விளைவு | உள்காது நோய்கள், அரிதான தலைவலிகள் | அவசர அவசரமாக முடியும் சந்திப்பு, 'டென்ஷன்' என்ற முத்திரை |
| காது மூக்கு தொண்டை | நடுக்காது நீர், கேட்புக் குறை, மெனியர் நோய் (சுற்றலும் இரைச்சலும் தரும் உள்காது நோய்), தொண்டையில் மறைந்த கட்டி | காது சுத்தமாக இருக்கும் ஒற்றைத் தலைவலி | 'சைனஸ்' முடிவு, தேவையில்லாத ஆன்டிபயாடிக் |
| நரம்பியல் | ஒற்றைத் தலைவலியின் எல்லா வகைகளும், மூளை அழுத்தக் கோளாறுகள், நரம்பு வலி | தாடை மூட்டு, நடுக்காது | காத்திருப்பு, வலி வராமல் தடுக்கும் மருந்துக்கு வேண்டிய மாதங்கள் |
| பல், தாடை, கழுத்து | தாடை மூட்டு வலி, பல்லைக் கடிப்பது, கழுத்துத் தலைவலி | மற்ற எல்லாமே | திரும்பப் பெற முடியாத பல் சிகிச்சை |
| நேராக ஸ்கேன் | கட்டி, ரத்தக்கசிவு, எலும்புக் கோளாறு | பெரும்பாலான தலைவலிகள் | தற்செயல் கண்டுபிடிப்புகள், பொய்யான நிம்மதி |
| பொறுத்திருந்து குறிப்பெழுதுவது | வலியின் போக்கு, தூண்டும் காரணங்கள் | தானாக எதையும் பிடிக்காது | தள்ளிப்போவது |

## குடும்ப மருத்துவர்

பெரிய நோய்க்குப் பெரிய மருத்துவர் என்று எண்ணி இந்தப் படியைத் தாண்டிவிடுகிறவர்கள் அதிகம். நான் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறேன். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் ஒரே இடத்தில் தெரிந்திருப்பது இவருக்குத்தான். இந்த இரட்டைத் தொந்தரவில் மாத்திரைகளின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது.

பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கும் மேல் சாப்பிட்டால், அந்த மாத்திரையே தலைவலியைத் தொடரவைக்கும். டிரிப்டான் (ஒற்றைத் தலைவலிக்கான மாத்திரை), கோடீன் (அபின் வகை வலி மாத்திரை) போன்றவையும் பல மருந்துகள் கலந்த மாத்திரைகளும் என்றால் மாதத்துக்கு 10 நாளே போதும். வலிக்காகத்தானே சாப்பிடுகிறோம் என்பதால் சந்தேகமே வராது. இன்னொரு பக்கம், ஆஸ்பிரின் அதிக அளவில் உடலில் சேர்ந்தால் காதில் இரைச்சல் வரும். அளவைக் குறைத்தால் பெரும்பாலும் போய்விடும். தலைவலிக்கு ஆஸ்பிரினை விழுங்கிக்கொண்டே காது இரைச்சலுக்குக் காரணம் தேடுபவர் எந்தச் சிறப்பு மருத்துவரிடம் போனாலும், மாத்திரைப் பட்டியலைக் காட்டாத வரை பதில் கிடைக்காது.

முகப்பருவுக்கான டெட்ராசைக்ளின் வகை மருந்துகளும் வைட்டமின் ஏ சார்ந்த மருந்துகளும் சிலருக்கு மூளையைச் சுற்றிய நீரின் அழுத்தத்தைக் கூட்டும். குறட்டையோடு காலையில் வரும் தலைவலி தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதைக் காட்டலாம். வீட்டில் இருக்கும்போது மட்டும் வலித்து, கூட இருப்பவர்களுக்கும் வலித்தால் கார்பன் மோனாக்சைடைச் சந்தேகிக்க வேண்டும். இவை எல்லாம் பேச்சிலேயே பிடிபடுபவை, கருவி வேண்டாம்.

ரத்த அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அழுத்தம் லேசாகக் கூடியிருப்பதைப் பார்த்து 'இதுதான் காரணம்' என்று முடித்துவிடும் வழக்கம் உண்டு. லேசான, நடுத்தர அளவிலான உயர் ரத்த அழுத்தம் பொதுவாக நாள்பட்ட தலைவலியைத் தருவதில்லை. அதற்கு சிகிச்சை எடுங்கள். ஆனால் தலைவலிக்கான தேடலை அங்கேயே நிறுத்த விடாதீர்கள்.

இந்த வழியின் மறைமுக விலை நேரம்தான். ஐந்து நிமிடச் சந்திப்பில் ஆறு மாதக் கதையைச் சொல்ல முடியாது. எழுதிக்கொண்டு போனால் முடியும். 'டென்ஷன்தான்' என்று சொன்னால் கோபப்படாமல், எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். மன அழுத்தம் வலியைக் கூட்டும் என்பது உண்மை. பரிசோதனை செய்யாமல் சொல்லப்படும்போது அது நோயறிதல் ஆகாது.

எப்போது இது சிறந்தது: ஏறக்குறைய எப்போதும் முதல் படியாக. குறிப்பாக மாதத்தில் பாதி நாள் மாத்திரை போடுபவர்களுக்கும் வேறு நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களுக்கும்.

## காது மூக்கு தொண்டை மருத்துவர்

காதுதான் முதலில் தொடங்கியது, காது கேட்பதில் மாற்றம் தெரிகிறது, சீழ் வடிகிறது என்றால் இங்கே தொடங்குவதே சரி. ஆனால் விளக்கை வைத்துச் செவிப்பறையைப் பார்ப்பதோடு சந்திப்பு முடிந்துவிடக் கூடாது. விளக்கில் தெரிவது வெளிக்காதும் செவிப்பறையும் மட்டும். உள்காது அதில் தெரியாது. ஒலி புகாத அறையில் வெவ்வேறு சுருதிகளில் செய்யும் கேட்புத் திறன் சோதனையும், செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் டிம்பனோமெட்ரியும் செய்தால்தான் 'காது நார்மல்' என்ற சொல்லுக்கு எடை உண்டு. இரண்டும் வலியில்லாதவை, கதிர்வீச்சு இல்லாதவை, சீக்கிரம் முடிபவை. இந்தத் தேடலில் இவ்வளவு குறைந்த சிரமத்தில் இவ்வளவு தகவல் தரும் சோதனை வேறில்லை.

தலைசுற்றலும் இருந்தால், அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். படுக்கையில் புரளும்போது ஒரு நிமிடத்துக்குள் வந்து போனால், உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் எப்லி முறையிலேயே பலருக்குச் சரியாகும். 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடித்து, ஒரு காதில் தாழ்ந்த சுருதி ஒலிகள் கேட்பது குறைந்து, அடைப்பும் இரைச்சலும் சேர்ந்தால் மெனியர் நோய். 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை எப்படி வேண்டுமானாலும் நீடித்து, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமல் போனால், தலைசுற்றலாக வரும் ஒற்றைத் தலைவலி.

கடைசி இரண்டும்தான் அதிகம் குழம்புபவை. 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் புரோஸ்பேர் மெனியர், இத்தகைய சுற்றல் மூளைக்கோளாறு அல்ல, உள்காதிலிருந்து வருகிறது என்று எடுத்துக்காட்டினார். அதற்கு முன் இதை மூளையில் ரத்தம் தேங்குவதாக நினைத்து உடலிலிருந்து ரத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். இன்று நிலைமை சில நேரம் தலைகீழ்: மூளை சார்ந்த ஒற்றைத் தலைவலியைக் காது நோயாக எண்ணி ஆண்டுக்கணக்கில் காதுக்கு மருந்து கொடுப்பது. தலைசுற்றலாக வரும் ஒற்றைத் தலைவலிக்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட இலக்கணம் 2012-இல்தான் வந்தது. சுற்றல் வரும் எல்லா முறையும் தலை வலித்தாக வேண்டும் என்று அதில் இல்லை. காது அடைப்பும் இரைச்சலும் இதிலும் வரும். வேறுபாடு, இதில் கேட்புத் திறன் பெரும்பாலும் கெடாமல் இருக்கும். அதனால்தான் அந்தச் சோதனையை இவ்வளவு வற்புறுத்துகிறேன். முடிந்தால் அடைப்பு இருக்கும் நாளிலேயே ஒரு முறையும் நன்றாக இருக்கும் நாளில் ஒரு முறையும் எடுங்கள்.

இந்த வழியின் பெரிய மறைமுக விலை 'சைனஸ்' என்ற முடிவு. கன்னத்திலும் நெற்றியிலும் வலி, மூக்கடைப்பு, கண்ணில் நீர் என்றால் உடனே சைனஸ் என்று நமக்கே தோன்றும். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று நம்பிய அல்லது அப்படி மருத்துவர் சொன்ன 2,991 பேரைப் பரிசோதித்தபோது 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. ஒற்றைத் தலைவலியிலேயே மூக்கு ஒழுகும், கண் கலங்கும். கெட்டியான மஞ்சள் சளி, காய்ச்சல், வாசனை தெரியாமை எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் 'சைனஸ்' என்றால் ஆன்டிபயாடிக்கை மறுபடி தொடங்கும் முன் கேள்வி கேளுங்கள். மூக்கடைப்பு ஸ்ப்ரேக்களும் சில நாட்களுக்கு மேல் போனால் அவையே அடைப்பை வரவழைக்கும்.

அதே நேரம், இந்தத் துறையால் மட்டுமே முடியும் ஒரு வேலை உண்டு. ஒரே பக்கக் காதுவலி விடாமல் இருந்து காது சுத்தமாக இருந்தால், குறிப்பாகப் புகை, புகையிலை, மது பழக்கம் இருந்தால், மெல்லிய கேமராக் குழாயை மூக்கு வழியாக விட்டுத் தொண்டையையும் குரல்வளையையும் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு காதில் மட்டும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி வடியாமல் இருந்தாலும் மூக்கின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் சீக்கிரம் தெரிவது உயிர் காக்கும்.

எப்போது இது சிறந்தது: கேட்பது குறைந்தால், ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தால், சீழ் வடிந்தால், ஒரு பக்கக் காதுவலி சில வாரங்களைத் தாண்டினால்.

## நரம்பியல் மருத்துவர்

தலைவலிதான் முதன்மை, காது பின்னால் வருகிறது, வலியின்போது வெளிச்சம் ஆகாது, குமட்டல் வருகிறது, படுத்தே கிடக்க வேண்டியிருக்கிறது என்றால் இவரிடம். மாதத்தில் 15 நாளுக்கு மேல் தலைவலி மூன்று மாதத்தைத் தாண்டித் தொடர்ந்தால் அது நாள்பட்ட வகை. அந்த அளவுக்கு வந்துவிட்டால் வலி வரும்போது மாத்திரை என்ற முறை போதாது, வலி வருவதற்கு முன்பே தடுக்கும் தடுப்பு மருந்து பற்றிப் பேச வேண்டும்.

காதோடு தொடர்புள்ள இரண்டு அழுத்தக் கோளாறுகளை இந்தத் துறை நன்றாகப் பிடிக்கும். ஒன்று, மூளையைச் சுற்றிய நீரின் அழுத்தம் கூடுவது. காதில் இதயத்துடிப்புக்கு ஏற்ப 'விஷ் விஷ்' என்ற சத்தம், குனிந்தால் நொடிப்பொழுது பார்வை இருட்டுவது, படுத்தால் கூடும் தலைவலி. இது அதிகம் வருவது உடல் எடை கூடிய இளம் பெண்களுக்கு. கவனிக்காவிட்டால் பார்வை நிரந்தரமாகப் போகலாம். கண்ணின் பின்புறத்தைப் பார்த்தால் பார்வை நரம்பு வீங்கியிருப்பது பெரும்பாலும் தெரியும். சில நிமிடச் சோதனை. இதை விட்டுவிட்டு ஸ்கேனுக்கு ஓடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. மற்றொன்று இதற்கு நேர் எதிர்: நீர் கசிந்து அழுத்தம் குறைவது. நிமிர்ந்து உட்கார்ந்தால் வலி ஏறும், படுத்தால் இறங்கும், காது அடைத்துத் தண்ணீருக்குள் இருப்பது போலக் கேட்கும். நிற்கும்போதும் படுக்கும்போதும் வலி எப்படி மாறுகிறது என்று உங்கள் குறிப்பில் இருந்தால் இந்த இரண்டையும் மருத்துவர் உடனே நினைப்பார்.

மறைமுக விலை பொறுமை. தடுப்பு மருந்தைச் சரியான அளவில் 8 முதல் 12 வாரம் எடுத்த பிறகே பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். இரண்டாம் வாரத்தில் 'பலனில்லை' என்று நிறுத்திவிட்டு அடுத்த மருத்துவரிடம் போனால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்தத் தடுப்பு மருந்துகளில் டோபிரமேட், வால்ப்ரோயேட் இரண்டும் கருவைப் பாதிக்கக்கூடியவை. கருத்தரிக்க வாய்ப்புள்ளவர்கள் முதல் சந்திப்பிலேயே இதைப் பேசிவிட வேண்டும். மாத்திரையால் வரும் தலைவலி என்று தெரிந்து நிறுத்தச் சொன்னால், முதல் சில நாட்கள் வலி இன்னும் கூடும். அதை மருத்துவம் தோற்றதாக எண்ணிவிடாதீர்கள். கோடீன் வகையோ தூக்க மருந்து கலந்ததோ என்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

எப்போது இது சிறந்தது: தலைவலி முன்னால் நிற்கும்போது, நாடித்துடிப்பு காதில் கேட்கும்போது, காது சோதனைகள் எல்லாம் நார்மலாக வந்த பிறகும் அடைப்பும் சுற்றலும் தொடரும்போது.

## பல், தாடை, கழுத்து

தாடை மூட்டு காதுத் துளைக்கு நேர் முன்னால் இருக்கிறது. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள், அசைவது அந்த மூட்டுதான். அங்கே அழுத்தினால் உங்கள் வழக்கமான வலி அப்படியே வருகிறதா? காலையில் எழும்போது நெற்றிப்பொட்டு வலிக்கிறதா, தாடை இறுகியிருக்கிறதா, திறக்கும்போது 'டக்' என்று சத்தம் வருகிறதா? ஆம் என்றால் இந்த வழியை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். காது, மூளை இரண்டையும் பார்த்து முடித்துவிட்டு நடுவில் இருக்கும் இந்த மூட்டை யாரும் தொடாமலே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

சிகிச்சை பெரும்பாலும் எளிது: மென்மையான உணவு, ஒத்தடம், தாடைப் பயிற்சி, இரவில் பல்லைக் கடிப்பவர்களுக்குக் கவசம், பகலில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டாமல் வைத்துக்கொள்ளும் பழக்கம். மறைமுக விலை, இதைத் தாண்டிப் போகும் சிகிச்சைகளில் இருக்கிறது. கடியைச் சரிசெய்யப் பற்களைத் தேய்ப்பது, வரிசையாக உறை போடுவது போன்றவற்றைத் திரும்பப் பெற முடியாது. எளிய முறைகளைச் சில மாதம் முயலாமல் அவற்றுக்குச் சம்மதிக்காதீர்கள்.

கழுத்தை அசைத்தால் வலி கூடுகிறது, பின்மண்டையில் தொடங்கி முன்னால் வருகிறது என்றால் பிசியோதெரபி. கழுத்தைச் சட்டென்று முறுக்கிச் சொடுக்கெடுக்கும் சிகிச்சை மட்டும் வேண்டாம். அரிதாக என்றாலும் தமனி கிழியும் ஆபத்து இருக்கிறது.

## நேராக ஸ்கேன்

இதன் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. மாதக்கணக்கில் நம்பாதவர்கள் முன்னால் காட்ட ஒரு படம் கிடைக்கும் என்ற நம்பிக்கை அது. ஆனால் ஒற்றைத் தலைவலி, இறுக்கத் தலைவலி, மாத்திரைத் தலைவலி மூன்றும் எந்த ஸ்கேனிலும் தெரியாது.

எந்த ஸ்கேன் என்பதும் முக்கியம். காது எலும்புக்குள் பார்க்க சி.டி. நல்லது, அதில் கதிர்வீச்சு உண்டு. நரம்புக்கும் மூளைக்கும் எம்.ஆர்.ஐ. நல்லது. ஒரு பக்கக் கேட்புக் குறைக்குக் காரணமான கேட்பு நரம்புக் கட்டியைத் தேட வேண்டும் என்றால் அந்த நரம்பை மட்டும் மெல்லிய வெட்டுகளாக எடுக்கச் சொல்லி மருத்துவர் எழுத வேண்டும். பொதுவான மூளைப் படத்தில் சிறிய கட்டி தவறிப்போகலாம். மூளை நீர் அழுத்தக் கோளாறு என்றால் சிரைகளைத் தனியாகப் படம் எடுக்க வேண்டியிருக்கும். கேள்வி எழுதப்படாத ஸ்கேனில் 'நார்மல்' என்று வருவதால் எதுவும் முடிவாகவில்லை. இருந்தும் அந்த ஒரு சொல்லைக் காட்டி அடுத்த மருத்துவரும் தேடலை நிறுத்திவிடுவார்.

மறுபக்கம் தற்செயல் கண்டுபிடிப்புகள். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு எடுத்த மூளை எம்.ஆர்.ஐ.களைத் தொகுத்துப் பார்த்த 2009-ஆம் ஆண்டு ஆய்வில் ஏறக்குறைய 2.7 சதவீதம் பேருக்கு எதிர்பாராத ஏதோ ஒன்று தெரிந்தது. அதைவிடச் சாதாரணமானவை இன்னும் நிறைய வரும்: சைனஸ் சவ்வு சற்றுத் தடித்திருப்பது, ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு மூளையில் சிறு வெள்ளைப் புள்ளிகள், காதுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டாய்டு எலும்பில் கொஞ்சம் நீர். அந்தக் கடைசி ஒன்று அறிக்கையில் 'மாஸ்டாய்டிடிஸ்' (அந்த எலும்பின் அழற்சி) என்று அச்சாகி வந்தால் படிப்பவர் பயந்துபோவார். காய்ச்சலோ காதுக்குப் பின்னால் வீக்கமோ இல்லாதவருக்கு அது பெரும்பாலும் நோயே இல்லை.

எப்போது இது சிறந்தது: நரம்புப் பரிசோதனையில் மாற்றம் இருந்தால், இரண்டு காதுகளின் கேட்புத் திறனும் சமமாக இல்லாவிட்டால், பார்வை நரம்பு வீங்கியிருந்தால், நாடித்துடிப்பு காதில் கேட்டால், 50 வயதுக்கு மேல் புதிய தலைவலி என்றால், புற்றுநோய் வந்தவர்களுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் புதிய தலைவலி என்றால். அப்போது தயங்காமல் எடுங்கள்.

## பொறுத்திருந்து குறிப்பெழுதுவது

இதை மட்டுமே வழியாக எடுக்க நான் சொல்ல மாட்டேன். மற்ற எல்லா வழிகளுக்கும் இது கூடுதல் பலம். சந்திப்புக்குக் காத்திருக்கும் வாரங்களில் எழுதுங்கள்: வலி தொடங்கிய நேரம், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், படுத்தால் கூடியதா குறைந்ததா, காதில் அடைப்பா இரைச்சலா துடிப்பா, சுற்றல் எத்தனை நிமிடம், எந்த மாத்திரை எத்தனை, தூக்கம், மாதவிடாய் நாட்கள். நாளுக்கு இரண்டு வரி போதும். அந்த இடைவெளியில் காதில் வைத்துக் கொளுத்தும் 'காது மெழுகுவர்த்தி' போன்றவற்றை முயல வேண்டாம். அதனால் பலன் இல்லை, தீக்காயம் பட்டவர்கள் உண்டு. பஞ்சுக் குச்சியும் வேண்டாம்.

## எனக்கு நெருங்கியவர் கேட்டால்

காது முன்னால் நின்றால்: காது மூக்கு தொண்டை மருத்துவர், கூடவே கேட்புத் திறன் சோதனை. தலைவலி முன்னால் நின்றால்: குடும்ப மருத்துவர், மாத்திரைக் கணக்கு, கண் பின்புறச் சோதனை, அப்புறம் நரம்பியல். எது முன்னால் என்றே சொல்ல முடியவில்லை என்றால்: குடும்ப மருத்துவரோடு தொடங்கி, அந்த இரண்டு சோதனைகளையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டு, தாடை மூட்டைப் பார்க்கச் சொல்லிக் கேட்பது. ஸ்கேன் இதற்குப் பிறகு, எதைத் தேடுகிறோம் என்று ஒரு வரியில் எழுதிய பிறகு.

எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டால் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. இந்தச் சோதனைகளால் எந்த நோய்கள் இல்லை என்று உறுதியானது? மீதியிருப்பவற்றில் அதிகம் சந்தேகப்படுவது எது? அதற்கான சிகிச்சையை முயன்று பார்த்தால் எத்தனை வாரத்தில் மறுபடி வர வேண்டும்? இதற்குப் பதில் சொல்ல மனமில்லாதவரிடம் இரண்டாம் கருத்து கேட்கத் தயங்க வேண்டாம். பழைய சோதனைத் தாள்களை, முக்கியமாகக் கேட்புத் திறன் வரைபடத்தை, கையோடு வைத்திருங்கள். அடுத்த ஆண்டு எடுப்பதோடு ஒப்பிட அது வேண்டும். வலியின் தன்மை மாறினால், ஒரு காது மட்டும் மந்தமானால், பார்வையில் புதிதாக ஏதாவது தெரிந்தால், முந்தைய 'நார்மல்' எதையும் பொருட்படுத்தாமல் புதிய நோயாளியாகவே மறுபடி போய்ப் பாருங்கள்.